வளர்ச்சி சாதாரணம்

கண்ட அளவுக்கு மேல் அந்த மனுஷி ஒரு சொல்லும் சொல்லமாட்டார். நெடுந்தீவில் அவரைப் பற்றி யாரிடம் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். சொல்லும்போது குரலில் கொஞ்சம் எரிச்சலும் இருக்கும். தொழிலுக்குப் போன வள்ளங்கள் திரும்புகிற நேரத்தில் கரையில் நிற்கும் பெண்கள், "எங்கட வள்ளம் வருகுதோ?" என்று அவரைக் கேட்பார்கள். அவருக்குக் கண் கூர்மை. "ஒரு பாய் தெரியுது. ஆற்ரை எண்டு தெரியேல்லை" என்பார். "எங்கடைதான் போல" என்று ஒரு வார்த்தை சொன்னால் கேட்டவளுக்கு ஆறுதலாக இருக்கும். அவர் சொல்லமாட்டார்.

ஒருமுறை அண்ணன் தம்பி இரண்டு பேர் வலைக்காகச் சண்டைபிடித்து, அண்ணன்காரனின் மண்டை உடைந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர் இவர் ஒருவர்தான். பங்குச் சுவாமியார் கூப்பிட்டு விசாரித்தார்.

"அடிச்சதை நான் காணேல்லை, சுவாமி. சத்தம் கேட்டுத் திரும்பினனான். தம்பியின்ர கையிலை துடுப்பு இருந்தது. தமையன் நிலத்திலை கிடந்தார்."

"அப்ப தம்பிதானே அடிச்சது?"

"அதை நீங்கள் சொல்லுறியள், சுவாமி."

இரண்டு வீட்டுக்காரரும் அதற்குப் பிறகு அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

எண்பதுகளில் நான் அந்தத் தீவில் அரசாங்க மருத்துவமாதுவாக இருந்தேன். பிள்ளைப்பேறு பார்ப்பது, குழந்தைகளை நிறுப்பது, தடுப்பூசி போடுவது, வீடு வீடாகப் போய் விசாரிப்பது எல்லாம் என் வேலை. 'மிசி' என்று கூப்பிடுவார்கள். என் சொந்த ஊர் சரவணை. தோட்டமும் வயலும் உள்ள குடும்பம். அவர் கரையோரத்தில் இருந்த கத்தோலிக்கக் குடும்பம், புருஷன் மீன்பிடிகாரர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். இப்போது எழுதும்போது 'அவர்' என்று எழுதுகிறேன். அந்த நாளில் நான் அவரை 'நீ' என்றுதான் பேசினேன். அவர் என்னை ஒருநாளும் 'நீங்கள்' என்பதைத் தவிர வேறு விதமாகக் கூப்பிட்டதில்லை.

கலியாணம் முடித்து ஒன்பது வருடத்துக்குப் பிறகு அவருக்கு ஒரு பிள்ளை தங்கியது. ஏழாம் மாதம் முடிகிற தறுவாயில் ஒரு காலை நோ கண்டது. தீவு ஆசுபத்திரியில் வைத்துப் பார்க்க ஏலாது என்றார்கள். மோட்டர் வள்ளத்தில் ஏற்றிக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து யாழ்ப்பாணம் போவதென்று புறப்பட்டோம். போர் தொடங்கியிருந்த அந்த நாட்களில் அந்தக் கடலில் யார் வந்து மறிப்பார்கள் என்று தெரியாது. பாதி வழியில் பிள்ளை பிறந்துவிட்டது. கூட வந்த இரண்டு பெண்கள் சேலையை விரித்து மறைத்துப் பிடித்தார்கள்.

பெண்பிள்ளை. என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கியது. நிறம் நீலம். நான் வாயைத் துடைத்தேன், முதுகைத் தேய்த்தேன், உள்ளங்காலில் சுண்டினேன், வாயோடு வாய் வைத்து ஊதினேன். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. ஒரு பூனைக்குட்டியின் சத்தம்போல வந்தது. எல்லோரும் மாதாவைக் கூப்பிட்டார்கள். நான் வெற்றி பெற்றவளைப்போல நிமிர்ந்து இருந்தேன்.

யாழ்ப்பாணத்தில் பிள்ளையை வாங்கிய தாதி, "பிறந்த உடனை அழுததோ?" என்று என்னைக் கேட்டாள்.

"ஓம், அழுதது."

தள்ளுவண்டியில் படுத்திருந்தவர் தலையைத் தூக்கினார். "இல்லை மிசி. நான் எண்ணினனான். நூறு வரைக்கும் எண்ணியும் அழேல்லை. நூற்றிப் பத்துக்குக் கிட்டத்தான் சத்தம் வந்தது."

"நோவிலை கதைக்கிறா. உந்த நிலையிலை ஆர் எண்ணுறது?" என்று சொல்லி நான் சிரித்தேன். தாதியும் சிரித்தாள். நான் சொன்னதைத்தான் எழுதினாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஐந்து கிழமைக்குப் பிறகு பிள்ளையோடு தீவுக்குத் திரும்பினார். மூன்று இறாத்தல்கூட இல்லாமல் பிறந்தது நாலு இறாத்தலுக்கு மேல் வந்திருந்தது. சட்டைக்குள் நெஞ்சோடு நெஞ்சாகப் பிள்ளையை வைத்துக் கட்டிக்கொண்டு, அப்படியே மீனும் காயப்போடுவார். மாதம் ஒருமுறை கொண்டுவந்து காட்டச் சொல்லி யாழ்ப்பாணத்தில் துண்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். இரண்டு முறை போனார். பிறகு கடற்பாதை அடைபட்டது. பாதை திறக்கும் வரைக்கும் உங்கள் மிசியிடம் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அந்த மிசி நான்தான்.

என் கிளினிக் வெள்ளிக்கிழமைகளில். பாதை திறந்த கிழமைகளில் அன்று பின்னேரம் இரண்டு மணி வள்ளத்தைப் பிடித்தால்தான் சனி ஞாயிறு சரவணையில் நிற்கலாம். தோட்டக்காரப் பெண்கள் முன் வாங்கில், நீளப் பலகை இருக்கையில், இருப்பார்கள். கரையோரத்துப் பெண்கள் பின்னால் நிற்பார்கள். அப்படி ஒரு சட்டமும் இல்லை. நான் அப்படித்தான் கூப்பிட்டேன், அவ்வளவுதான். மீன் மணம் என்று எனக்குள் ஒரு சாட்டு வைத்திருந்தேன். அவருடைய முறை வரும்போது ஒன்றரை மணியாகிவிடும். நான் ஒரு கண்ணை மணிக்கூட்டில் வைத்துக்கொண்டு தராசில் பிள்ளையைக் கிடத்துவேன்.

ஒவ்வொரு முறையும் அவர் ஏதாவது ஒன்றைக் கண்டுவந்து சொல்வார். அழுதுகொண்டோ கெஞ்சிக்கொண்டோ இல்லை. வள்ளத்தின் பாயைப் பற்றிச் சொல்கிற அதே குரலில்.

"மிசி, குளிக்க வாக்கேக்கை தொடை விரியுதில்லை. சீலை மாத்தக் கஷ்டமாய்க் கிடக்கு."

"மிசி, கக்கத்துக்குள்ளை பிடிச்சுத் தூக்கினால் ரெண்டு காலும் கத்தரிக்கோல் மாதிரிக் குறுக்கால போகுது. பெருவிரலிலைதான் நிக்கப் பாக்குது."

"பத்து மாசம் மிசி. முந்திப் பிறந்த ரெண்டு மாசத்தையும் கழிக்கச் சொன்னவை. கழிச்சால் எட்டு. இருத்தினால் கால் விறைச்சு நீளுது, முதுகு பின்னாலை விழுகுது. இடக்காலிலைதான் விறைப்புக் கூட."

நான் சொன்னது எப்போதும் ஒன்றுதான். "குறைமாசப் பிள்ளை. சுணங்கித்தான் வரும். மற்றப் பிள்ளையளோடை ஒப்பிட்டுப் பாக்காதை."

"நான் ஒப்பிடேல்லை மிசி. கண்டதைச் சொல்லுறன்."

பிள்ளையின் நிறை ஏறிக்கொண்டிருந்தது. வளர்ச்சி அட்டையில் கோடு மேலே போனது. அது எனக்குப் போதுமாக இருந்தது. கோட்டுக்குப் பக்கத்தில் 'வளர்ச்சி சாதாரணம்' என்று எழுதிக் கையெழுத்து வைப்பேன். ஒவ்வொரு மாதமும் அதே இரண்டு சொல்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. பயிற்சிக் காலத்தில் எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். குறைமாதத்தில் பிறந்து, மூச்செடுக்கச் சுணங்கிய பிள்ளையின் கைகாலைத் தொட்டுப் பார்க்க வேண்டும், இறுக்கம் இருந்தால் உடனே கடிதம் எழுதிப் பெரியாசுபத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று என் கொப்பியில் நானே எழுதி, கீழே கோடும் போட்டிருந்தேன். பாதை இடைக்கிடை திறக்கத்தான் செய்தது. அந்த நாட்களில் நான் ஊருக்குப் போனேன். ஒரு கடிதம் எழுத ஐந்து நிமிடம் போதும். ஆனால் எழுதினால், பிறந்தவுடன் அழுதது என்று நான் சொன்னதையும் யாராவது திரும்பக் கேட்பார்கள்.

வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதும் என் கடமை. ஒருமுறை போனேன். படலையில் நின்றபடியே எட்டிப் பார்த்தேன். பிள்ளை பாயில் மல்லாந்து கிடந்தது. "உள்ளுக்கை வாங்கோ மிசி, ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார். நேரமில்லை என்றேன். அன்றைக்கு எனக்கு நிறைய நேரம் இருந்தது. போய்ப் பார்த்ததாகப் பதிவில் எழுதினேன்.

பிள்ளைக்கு ஒரு வயது தாண்டிய ஒரு வெள்ளிக்கிழமை. வாங்கில் நிறையப் பெண்கள். அவர் தன் முறைக்குக் காத்திராமல் முன்னுக்கு வந்தார்.

"மிசி, ஒருக்கா இந்தக் காலைப் பிடிச்சுப் பாருங்கோ. இது சுணக்கமில்லை. இறுக்கம்."

எனக்குக் கோபம் வந்தது. "நீ என்ன டொக்டரோ?" என்றேன், எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக. வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் ஒரு தாயைப் பகிடி பண்ணி மற்றத் தாய்மாரைச் சிரிக்கவைத்தேன். அவர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் போய்ப் பின்னால் நின்றார். முறை வந்ததும் தராசில் கிடத்தினார். நான் நிறுத்தேன். எழுதினேன்.

பிள்ளைக்கு இருபது மாதமானபோது, பாதை சீராகி, யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குழந்தை வைத்தியர் தீவு ஆசுபத்திரிக்கு வந்தார். நான் பக்கத்தில் நின்று அட்டைகளை எடுத்துக் கொடுத்தேன். அந்தத் தாயின் முறை வந்தது. பிள்ளை தாயின் மடியில் இருந்து, வைத்தியரின் மூக்குக்கண்ணாடியைப் பிடிக்கக் கை நீட்டியது. கால்கள் இரண்டும் மரக்கட்டைபோல நேராக நீட்டிக்கொண்டிருந்தன.

வைத்தியர் காலை மடக்கிப் பார்த்தார், விரித்துப் பார்த்தார், சுத்தியலால் முழங்காலில் தட்டினார். பிறகு மெதுவாக விளங்கப்படுத்தினார்.

"கடைசி ரெண்டு மூண்டு மாசத்திலைதான் அம்மா, வயிற்றுக்குள்ளை மூளை வேகமாய் வளருறது. அதுக்கு முந்தி வெளியிலை வந்தால், மூளைக்கு உள்ளுக்கை இருக்கிற சின்ன இரத்தக் குழாயள் தாங்காது. மூச்சு சுணங்கினால் இன்னும் மோசம். காலுக்குப் போற நரம்பு வழி அந்த இடத்துக்குப் பக்கத்தாலைதான் போகுது. அதுதான் கை பரவாயில்லை, கால் இழுக்குது. புத்தியிலை எனக்கு ஒரு குறையும் தெரியேல்லை. என்ர கண்ணாடியிலைதான் அவவுக்குக் கண்."

"மாறுமோ டொக்டர்?"

"மூளையிலை பட்டது மாறாது. ஆறேழு மாசத்திலையே பயிற்சி துவங்கியிருந்தாலும் அது மாறியிராது. ஆனால் தசை இவ்வளவு சுருங்கியிராது. இப்ப குதிக்கால் நிலத்திலை படாது." அட்டையைப் புரட்டினார். "மாசா மாசம் வந்திருக்கிறியள். எல்லாத்திலையும் சாதாரணம் எண்டு கிடக்கு. ஆர் எழுதினது?"

நான் அவருக்கு முன்னால் நின்றேன்.

"அது நிறையைப் பாத்து எழுதினது, டொக்டர்" என்றார் அந்தத் தாய். "காலைப் பற்றி நான் மிசிக்கு ஒண்டும் சொல்லேல்லை. எனக்குத் தெரியேல்லை."

"தெரியேல்லையோ? தினம் குளிக்க வாக்கிறனீங்கள், சீலை மாத்திறனீங்கள். பெத்த தாய்க்குக் கண் இல்லையோ?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தீவிலேயே கண் கூர்மையான மனுஷி, எனக்காகக் குருடியாக நின்று பேச்சு வாங்கினார். நான் வைத்தியர் காட்டப்போகிற பயிற்சிகளைக் குறிப்பெடுக்க வேண்டும் என்பதுபோல ஒரு கடதாசியைத் தேடினேன்.

அன்று பின்னேரம் முதல்முறையாக நானாக அவர் வீட்டுக்குப் போனேன். உள்ளே போய் இருந்தேன்.

"ஏன் அப்பிடிச் சொன்னனீர்?" என்றேன். என்னை அறியாமலே 'நீர்' என்று வந்தது.

"உங்களை இஞ்சையிருந்து மாத்திப்போட்டால் அடுத்த மிசி எப்ப வருவா? இந்தக் கடலைக் கடந்து ஆர் வரப்போகினம்? டொக்டர் காட்டினதை நான் சரியாய்ச் செய்யிறனோ பிழையாய்ச் செய்யிறனோ எண்டு ஆர் பாக்கிறது?" பிள்ளையின் காலைத் தன் மடியில் வைத்து நீவிக்கொண்டே சொன்னார். "பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. எனக்கு நீங்கள் வேணும். கிழமைக்கு ரெண்டு தரம் வாங்கோ."

மன்னிப்பாக இருந்தால் நான் அழுதிருப்பேன். அவர் எனக்கு வேலை தந்தார்.

போனேன். இரண்டு வருடத்துக்கு மேல், கிழமைக்கு இரண்டு தரம். தொடையை மெல்ல விரிப்பது, குதிக்காலைப் பிடித்துப் பாதத்தை மேலே தள்ளுவது, உருட்டிய தலையணையில் குப்புறக் கிடத்துவது. பிள்ளை கத்தும். எனக்குக் கை தளரும். "விடாதையுங்கோ மிசி, இன்னும் பத்து எண்ணவேணும்" என்பார் அவர். நான் போகாத நாட்களிலும் நாளுக்கு மூன்று தரம் செய்தார். மூன்று வயதுக்குக் கிட்டப் பிள்ளை ஒன்றையும் பிடிக்காமல் தானாக உட்கார்ந்தாள். தகப்பன் பழைய வள்ளப் பலகையில் ஒரு சட்டம் செய்து கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு நாலாவது வயதில் முற்றத்தில் ஐந்து அடி வைத்தாள். முன்விரலில்தான் வைத்தாள். குதிக்கால் நிலத்தில் படவில்லை.

அந்த ஐந்து அடி எனக்குப் பேர் வாங்கித் தந்தது. "மிசி இல்லாட்டி அந்தப் பிள்ளை பாயோடைதான்" என்று தீவு முழுக்கப் பேசினார்கள். முன் வாங்கில் இருந்து சிரித்தவர்களும் பேசினார்கள். நான் மறுக்கவில்லை. முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. பழகியதை நினைத்தால்தான் இன்றைக்கு எனக்கு அதிகம் வெட்கம்.

தொண்ணூறுக்குப் பிறகு தீவுகளிலிருந்து சனம் இடம்பெயர்ந்தபோது நாங்களும் சிதறிப்போனோம். எனக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் கிளினிக் தந்தார்கள். நாலு வருடத்துக்குப் பிறகு ஒருநாள் காலை, வரிசையை விலக்கிக்கொண்டு அவர் வந்தார். தலை நரைத்திருந்தது. மகள் எப்படி என்று கேட்டேன். இரண்டு கைத்தடியோடு பள்ளிக்கூடம் போகிறாள், கணக்கில் முதலாம் பிள்ளை, நெடுந்தூரம் நடந்தால் இடுப்பு நோகிறது என்றார். எல்லாவற்றையும் ஒரே குரலில் சொன்னார்.

அவர் தன் அலுவலாக வரவில்லை. ஒரு இளம் தாயைக் கையில் பிடித்துக் கூட்டிவந்திருந்தார். இருபது வயதும் இராது. இடுப்பில் ஏழு மாதக் குழந்தை.

"தண்ணி எடுக்கிற இடத்திலை கண்டனான் மிசி. ஏழாம் மாசத்திலை பிறந்ததாம். காலைப் பாருங்கோ." பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, "பயப்பிடாதை. இவதான் என்ர பிள்ளையை நடக்க வைச்ச மிசி" என்றார்.

அந்தப் பெண் என்னைக் கும்பிட்டாள்.

எனக்குத் தாங்கமுடியவில்லை. "இல்லை, தங்கச்சி. நடக்க வைச்சது இவதான். நான் இவவின்ர பிள்ளையை ஒரு வருசத்துக்கு மேலை தொட்டுப் பாக்காமல் விட்டனான். இவ சொல்லச் சொல்லச் சாதாரணம் எண்டு எழுதினனான். பிறந்த உடனை அழுதது எண்டு பொய்யும்…"

அவர் என் மேசையில் கையை ஊன்றினார். நான் அவரைக் கோபமாகக் கண்டது அந்த ஒருமுறைதான்.

"மிசி, உங்கட கதையைப் பிறகு சொல்லுங்கோ. இவள் பயப்பிடுறாள். கடிதத்தை எழுதுங்கோ."

எழுதினேன். பெரியாசுபத்திரிக்கு, குறைமாதப் பிறப்பு, இரு கால்களிலும் இறுக்கம், அவசரம் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

"என்ன எழுதியிருக்கிறியள்? வாசியுங்கோ."

வாசித்தேன். அவர் கவனமாகக் கேட்டார்.

"ரெண்டு காலும் இல்லை மிசி. வலக்கால் மட்டும். இடக்கால் நல்லாய் மடங்குது."

நான் பேனையை வைத்துவிட்டு எழுந்தேன். அந்தக் குழந்தையை நான் இன்னும் தொடவேயில்லை. மேசையைச் சுற்றிப் போய், தாயின் இடுப்பிலிருந்து வாங்கி, வாங்கில் கிடத்தி, இரண்டு காலையும் ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தேன். வலக்கால் மட்டும்தான். கடிதத்தைக் கிழித்துப்போட்டு, அவர் சொல்லச் சொல்ல வேறு எழுதினேன்.